தெய்வத்தோடு ஒரு வழக்கு: செங்கல்பட்டுக் கரையில் துயரமும் நம்பிக்கையும்

மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பம். புலிக்குகையைப் பார்க்க வருகிறவர்கள் இன்னும் கொஞ்சம் நடந்தால் மணற்பள்ளத்துக்குள் ஒரு முருகன் கோயிலின் அடித்தளத்தைப் பார்க்கலாம். 2004 டிசம்பர் 26 காலை வந்த ஆழிப்பேரலை இந்தக் கரையின் மணலை வாரிக்கொண்டு போனபோது, அங்கிருந்த பாறையில் அதுவரை மறைந்து கிடந்த கல்வெட்டுகள் வெளியே தெரிந்தன. ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் காலத்து எழுத்தும் அவற்றில் உண்டு. இங்கே ஒரு சுப்பிரமணியர் கோயில் இருந்தது என்ற செய்தியைப் பிடித்துக்கொண்டு 2005-இல் இந்தியத் தொல்லியல் துறை தோண்டத் தொடங்கியது. கல்லில் செய்த வேல், வடக்கு நோக்கிய சன்னதி, பல்லவர் காலக் கருங்கல் கட்டுமானம் என்று ஒவ்வொன்றாகக் கிடைத்தன. அந்தக் கருங்கல்லுக்கு அடியில் இன்னொரு கோயில் இருந்தது. அது செங்கல்லால் ஆனது, சங்க காலத்தது என்று தொல்லியலாளர்கள் கணிக்கிறார்கள். அதைக் கடல்தான் அழித்திருக்க வேண்டும், பல நூற்றாண்டுகள் கழித்து அதன் மேலேயே கருங்கல் கோயில் எழுந்திருக்கிறது என்பது அவர்கள் கருத்து.

கடல் கொண்டுபோன கோயிலின் மேல் திரும்பவும் கோயில் கட்டியவர்களுக்கு மனசுக்குள் என்ன ஓடியிருக்கும்? தன் கோயிலையே காப்பாற்றிக்கொள்ளாத சாமி தங்களை எப்படிக் காப்பாற்றும் என்று அவர்களில் ஒருவராவது கேட்டிருப்பார். கேட்ட பிறகும் கட்டியிருக்கிறார்கள். துன்பத்திலும் இழப்பிலும் கடவுள் நம்பிக்கை எதனால் நிற்கிறது, எதனால் உடைகிறது என்ற கேள்வி உலகம் முழுவதற்கும் பொதுவானது. ஆனால் அதைத் தேடிப் பார்க்க, செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரையுள்ள இந்தச் சிறிய நிலத்தைப்போல் வளமான இடம் குறைவு. பல்லவர் கோயில்களும் பாடல் பெற்ற தலங்களும், மீனவர் குப்பங்களும் இருளர் குடிசைகளும், ஒரு தர்காவும் ஒரு மாதா கோயிலும், சுமார் நூறு வருஷப் பழமையான தொழுநோய் மருத்துவமனையும் இங்கே பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தபோது எனக்குத் தெளிவானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துயரத்துக்குக் காரணம் கற்பித்த பக்தி, அடிபட்டவர்களுக்கு உதவவில்லை. தெய்வத்தோடு சண்டை போட இடம் கொடுத்த பக்தியும், ஆள் தேடி வந்து கையைப் பிடித்த பக்தியும்தான் உதவின.

காரணம் சொல்கிறவர்களிடமிருந்து தொடங்கலாம். எந்தத் துக்க வீட்டிலும் முதலில் வந்து உட்காருகிறவர்கள் அவர்கள்தான். விதி, தலையெழுத்து, போன ஜென்மத்துப் பாவம், நேர்ந்துகொண்டதைச் செலுத்தாத குற்றம் என்று ஏதாவது ஒன்றைச் சொல்வார்கள். சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. காரணமே இல்லாத சாவைப் பார்த்துக்கொண்டிருப்பது யாராலும் முடியாது. ஆனாலும் அந்த வார்த்தை கேட்பவரின் நெஞ்சில் எங்கே போய்த் தைக்கிறது என்பதை அவர்கள் யோசிப்பதில்லை.

பெரியவர்களும் இதற்கு விலக்கு இல்லை. 1934 ஜனவரி 15 அன்று பீகாரில் பூகம்பம் வந்து ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அப்போது காந்தி தீண்டாமை ஒழிப்புக்காகத் தமிழ்நாட்டில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தார். ஜனவரி 24 அன்று திருநெல்வேலியில் பேசும்போது, தீண்டாமை என்ற பாவத்துக்காக இறைவன் நமக்கு அனுப்பிய தண்டனை இது என்றார். தாகூருக்கு இது பொறுக்கவில்லை. இயற்கையின் நிகழ்ச்சியை மனிதனின் ஒழுக்கத்தோடு முடிச்சுப் போடுவது பகுத்தறிவுக்கு விரோதம் என்று மறுத்தார். பிப்ரவரியில் அந்த மறுப்பும் காந்தியின் பதிலும் 'ஹரிஜன்' இதழில் வந்தன. காந்தி தம் கருத்தை விட்டுக்கொடுக்கவில்லை. தீண்டாமை பாவம் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் பீகாரில் இடிந்த சுவர்களுக்கு அடியில் தீண்டாமைக்கு ஆளான மக்களும்தான் கிடந்தார்கள். யாருக்கு இழைத்த பாவமோ அவர்களும் சேர்ந்து தண்டனை பெறுவது என்ன நீதி? இந்த விவாதத்தில் நான் தாகூர் பக்கம்.

அதற்கு முன்பே ஐரோப்பா இதே கேள்வியில் தடுமாறியிருக்கிறது. 1755 நவம்பர் 1, புனிதர் அனைவர் திருநாள். லிஸ்பன் நகரத்து மாதா கோயில்களில் பூசைக்குக் கூடியிருந்தவர்கள் மேல் பூகம்பத்தில் கூரைகள் விழுந்தன; பின்னாலேயே கடலும் வந்தது. நடப்பதெல்லாம் நன்மைக்கே என்ற தத்துவத்தின் மேல் வால்டேர் கோபம் கொண்டு எழுதியது அதன் பிறகுதான். நம் கரையிலும் அதே கேள்வி எழுந்தது. 2004-இல் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்ற யாத்திரிகர்களை அலை கொண்டுபோனது. பேராலயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மாதா தன் கோயிலைக் காத்தாள் என்று பலர் மெய்சிலிர்த்துச் சொன்னார்கள். சொன்னவர்களின் பக்தி உண்மையானது. அதே கரையில் பிள்ளையைப் பறிகொடுத்தவள் காதில் அது எப்படி விழுந்திருக்கும்?

தப்பிய கதைகளின் சங்கடமே இதுதான். மதுராந்தகத்து ஏரிகாத்த ராமர் கதையை இந்த மாவட்டத்தில் அறியாதவர் இல்லை. 1790-களில் செங்கல்பட்டு ஜாகீரின் கலெக்டராக இருந்தவர் லயனல் பிளேஸ். அடைமழை இரவில், ஏரிக்கரை உடைந்துவிடுமோ என்று பார்க்கப் போனவரின் கண்ணுக்கு வில்லும் அம்புமாகக் கரையைக் காக்கும் இரண்டு வீரர்கள் தெரிந்தார்கள் என்பது வழிவழி வரும் கதை. ராமனும் லட்சுமணனும்தான் அவர்கள் என்று நம்பிய பிளேஸ் தாயார் சன்னதியைக் கட்டிக்கொடுத்தார். அவர் பெயர் சொல்லும் கல்வெட்டு கோயிலில் இன்றும் இருக்கிறது. மழைக்காலத்தில் ஏரிக்கரையடியில் படுத்துத் தூங்குகிற ஊருக்கு இந்தக் கதை எவ்வளவு பெரிய தைரியம் என்பது அங்கே வாழ்ந்தவர்களுக்குத்தான் தெரியும். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் தமிழ்நாட்டில் உடையாத ஏரி ஒன்று என்றால் உடைந்த ஏரிகள் பல. அந்த ஊர்க்காரர்களுக்கு என்ன சொல்வது? காப்பாற்றியதால் கும்பிடுகிறேன் என்று தொடங்கும் நம்பிக்கை, காப்பாற்றாத நாளில் கைகொடுப்பதில்லை.

அடையாளம் நின்றுபோன பிறகும் நம்பிக்கை தொடர முடியும் என்பதற்குத் திருக்கழுக்குன்றம் சாட்சி. உச்சிவேளையில் மலைமேல் இரண்டு கழுகுகள் வந்து பிரசாதம் உண்டு போகும். அதைப் பார்க்கவே ஊர் ஊராக வருவார்கள். ஊருக்குப் பெயரே அதனால் வந்தது. அந்தப் பறவைகள் வராமல் போய் வருஷங்கள் பல ஆகிவிட்டன. அந்த இனமே நாடு முழுக்க அருகிவருகிறது. வேதகிரீசுவரரைப் பார்க்க மலை ஏறுகிறவர்கள் நிற்கவில்லை, பௌர்ணமிக் கிரிவலமும் நிற்கவில்லை. பறவைக்காக மட்டும் வந்தவர்கள் போயிருப்பார்கள். மற்றவர்கள் வேறு எதற்காகவோ வருகிறார்கள்.

தமிழில் பக்தி என்றால் அடக்கமாகக் கைகட்டி நிற்பது என்று நினைப்பவர்கள் நம்முடைய பழைய கதைகளை மறந்துவிட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். கணவனைக் கொன்ற ஊரின் தெருவில் நின்று, இந்த ஊரில் தெய்வம் என்று ஒன்று உண்டா என்று கண்ணகி கேட்டாள். அப்படிக் கேட்டவளையே நாம் தெய்வமாக்கிக் கும்பிட்டோம். சூலை நோயில் துடித்த நாவுக்கரசரின் முதல் பதிகம் வலியின் முறையீடு. அறுத்துச் சுடும் மருத்துவன்மேல் நோயாளி வைக்கும் அன்பைக் குலசேகர ஆழ்வார் உவமையாக்கினார். அந்த உவமையிலும் வலி வலிதான்; அது இனிக்கிறது என்று ஆழ்வார் எங்கும் சொல்லவில்லை.

இவர்களில் இந்த மண்ணுக்கு நெருக்கமானவர் சுந்தரர். சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் பக்கத்தில் உள்ள திருக்கச்சூருக்கு அவர் பசியோடு வந்து சேர்ந்தார். உச்சி வெயில், சமைப்பவர்கள் இன்னும் வரவில்லை. சிவன் ஒரு வேதியர் வடிவில் ஓடெடுத்து வீடு வீடாகப் போய்ச் சோறு வாங்கி வந்து அவருக்கும் அடியாருக்கும் போட்டார் என்கிறது பெரியபுராணம். விருந்திட்ட ஈசுவரர் என்ற பெயர் அங்கே இன்றும் வழங்குகிறது. இது இனிமையான பாதி. பிறகு திருவொற்றியூரில் மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறியதால் சுந்தரருக்கு இரண்டு கண்ணும் போயின. திருவெண்பாக்கத்தில் முறையிட்டார், பார்வை கிடைக்கவில்லை, ஊன்றுகோல்தான் கிடைத்தது. காஞ்சியில் ஒரு கண், திருவாரூரில் மறு கண். நடுவில் அவர் பாடிய பாடல்களில் இறைவனிடம் பேசும் தொனியைக் கவனித்தால், கடன் வாங்கிய நண்பனிடம் சண்டைக்குப் போகிறவரின் குரல் கேட்கும். தப்பு தன்மேல்தான் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் நீ செய்தது நியாயமா என்று கேட்கிறார். அந்தப் பாடல்களை எழுத்து மாறாமல் காத்து, கோயிலுக்குள் ஓதுவாரை வைத்துப் பாட வைத்தது சைவ மரபு. அவற்றைத் தணிக்கை செய்ய யாருக்கும் தோன்றவில்லை. ஊன்றுகோல் கொடுத்த திருவெண்பாக்கத்துப் பழைய கோயில் இருந்த இடம் 1940-களில் பூண்டி நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. கோயிலை வேறிடத்தில் எடுத்துக் கட்டினார்கள். ஊன்றீசுவரர் அங்கே இருக்கிறார்.

மற்ற வேதங்களும் இதில் நமக்குத் தூரமில்லை. விவிலியத்தில் யோபு பிள்ளைகளையும் உடம்பையும் இழந்து, கடவுளை வழக்குக்கு அழைக்கிறார். ஆறுதல் சொல்ல வந்த நண்பர்கள், நீ ஏதோ பாவம் செய்திருக்க வேண்டும் என்று காரணம் சொல்கிறார்கள். கடைசியில் கடவுளின் கோபம் அந்த நண்பர்கள்மேல்தான் திரும்புகிறது. தம்மைப் பற்றிச் சரியாகப் பேசியவன் யோபு என்று கடவுளே சொல்கிறார். குர்ஆனில் மகன் யூசுபை இழந்த யஅகூப் நபி அழுது அழுது கண் பார்வை இழக்கிறார். அவருடைய பொறுமையும் புகழப்படுகிறது, தன் துக்கத்தை அல்லாஹ்விடமே முறையிடுகிறேன் என்று அவர் சொன்னதும் பதிவாகியிருக்கிறது. பொறுமை என்றால் அழாமல் இருப்பது என்று அங்கேயும் பொருள் இல்லை. கோவளத்தில் தமீம் அன்சாரி தர்காவுக்குப் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று வருகிற தாய்மாரில் எல்லா மதத்தவரும் உண்டு. சற்றுத் தூரத்தில் கார்மேல் மாதா கோயில். இரண்டு இடத்திலும் மனுவைக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

இனி, இந்தக் கேள்விக்குச் செங்கல்பட்டு கொடுத்த மிகப் பெரிய பங்களிப்பு என்று நான் கருதுவதற்கு வருகிறேன். செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் திருமணியில் 1920-களில் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை உருவானது. ஸ்காட்லாந்து திருச்சபை மிஷன் அதை நடத்தியது. 1955-இல் மத்திய அரசு அதை எடுத்துக்கொண்டு மத்தியத் தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனமாக்கியது. அந்தக் காலத்தில் குஷ்டம், பெருவியாதி என்ற சொற்கள் ஒரு மனிதனின் வாழ்க்கையை முடித்துவிடும். வீட்டில் தனித் தட்டு, பிறகு தனிக் கொட்டகை, பிறகு தெரு. குளத்தில் இறங்கக் கூடாது, கோயிலுக்குள் வரக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, முன்வினைப் பயன் என்ற ஒரு முத்திரை. மேற்கிலும் இதே கதிதான். கடவுள் சபித்தவன் என்று அவனுக்கு ஊருக்கு வெளியே இடம் காட்டினார்கள். காரணம் கற்பிக்கும் பக்தி என்ன செய்யும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேறில்லை. நோய் விரலைத்தான் எடுத்தது. விளக்கம் மனிதனையே எடுத்துவிட்டது.

1930-களின் நடுவில் இங்கே தலைமை மருத்துவராக வந்தவர் ராபர்ட் காக்ரேன். அடுத்த பத்து வருஷத்தில், டாப்சோன் மருந்தைத் தொழுநோய்க்குக் கொடுத்துப் பார்த்த முன்னோடிகளில் ஒருவரானார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் புதிதாக வந்திருந்த இளம் அறுவை மருத்துவர் பால் பிராண்டை அவர் 1947-இல் செங்கல்பட்டுக்கு அழைத்து வந்து சுற்றிக் காட்டினார். பிராண்ட் கொல்லிமலையில் 1914-இல் பிறந்தவர். தந்தை ஜெஸ்ஸி பிராண்ட் அந்த மலையிலேயே 1929-இல் காய்ச்சலில் இறந்தார். தாய் ஈவ்லின் கணவரைப் புதைத்த மலையை விட்டுவிடவில்லை. 1974-இல் 95 வயதில் இறக்கும்வரை மலைவாசிகளுக்காகவே அலைந்தார். இழப்புக்குப் பிறகு நம்பிக்கை எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பால் பிராண்ட் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

அன்று செங்கல்பட்டில் அவர் கண்டது மடங்கிய விரல்கள், புண்கள், கட்டை கட்டையான பாதங்கள். ஒரு நோயாளியின் மடங்கிய கைக்குள் தம் கையைக் கொடுத்து, அழுத்திப் பிடி என்றார். செத்துப்போன கை என்று நினைத்துக் கொடுத்தவருக்கு அந்தப் பிடியில் கை வலித்தது. அப்படியானால் இந்தக் கையில் உயிருள்ள தசைகள் இருக்கின்றன. சில நரம்புகள்தான் செத்திருக்கின்றன. நல்ல தசையின் நாணை எடுத்துச் செயலற்ற விரலுக்கு மாற்றிக் கட்டலாமே என்று அவருக்குத் தோன்றியது. பின்னால் உலகம் முழுவதும் பரவிய, தொழுநோயாளிகளின் கைகளை நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சை அந்த ஒரு பிடியிலிருந்து தொடங்கியது. ஒரு நோயாளியின் கையை யாரோ பிடித்ததால் அது நடந்தது என்பதை மறக்கக் கூடாது.

பிராண்ட் பிறகு கண்ட இன்னோர் உண்மை, துன்பத்தைப் பற்றிய சிந்தனையையே அசைத்தது. நோய் நேராக விரல்களைத் தின்பதில்லை. வலி தெரியாமல் போவதால் நோயாளி சூடான பாத்திரத்தை வெறுங்கையால் தூக்குகிறார், ஆணி குத்திய காலோடு நடக்கிறார், இரவில் எலி கடித்தாலும் விழிப்பதில்லை. வலி இல்லாததுதான் அழிவு. வலி ஒரு வரம் என்று அவர் எழுதினார்; அதைக் கேட்டு வாங்க யாரும் விரும்பாத வரம் என்று சேர்த்தே சொன்னார். அமெரிக்க எழுத்தாளர் பிலிப் யான்சி அவரோடு சேர்ந்து எழுதிய நூல்கள் வழியாக, துன்பத்தில் கடவுள் எங்கே என்று கேட்கிற உலகக் கிறிஸ்தவர்களிடம் இந்தச் சிந்தனை போய்ச் சேர்ந்தது.

இங்கே எனக்கு ஓர் எச்சரிக்கை உண்டு. உடம்பின் வலிக்குப் பொருந்தும் இந்த உண்மையை எடுத்துக்கொண்டு போய், மகனை இழந்தவளிடம் உன் துக்கமும் ஒரு வரம் என்று சொல்வது பெரும் பாவம். பிராண்டே நோயாளிகளுக்குத் தத்துவம் கொடுத்து அனுப்பவில்லை. கை நிமிர்ந்த பிறகு பிச்சைகூடக் குறைந்துவிட்டது, வீடு கொடுக்கவும் வேலை கொடுக்கவும் ஆளில்லை என்று ஒரு நோயாளி திரும்பி வந்து நின்றதை அவர் வெட்கத்தோடு பதிவு செய்கிறார். அதன் பிறகுதான் வேலூரில் நோயாளிகள் தொழில் கற்கும் புதுவாழ்வு மையம் எழுந்தது. புருவம் இல்லாத முகத்துக்குப் புருவமும், சரிந்த மூக்குக்கு மூக்கும் அமைத்துக் கொடுத்தார்கள். கடவுள் உன்னைக் கைவிடவில்லை என்ற வாக்கியத்துக்கு அந்த மனிதர்கள் நம்பும்படியான பொருள் அங்கேதான் கிடைத்தது.

இதை வெள்ளைக்காரர்களின் கருணைக் கதையாக மட்டும் படிப்பது தவறு. கீழே இறங்கி வருகிற தெய்வம் இந்தக் கரைக்குப் பழக்கமானது. மாமல்லபுரத்துத் தலசயனப் பெருமாளின் தலபுராணத்தைப் பாருங்கள். புண்டரீகர் என்ற முனிவர் தாமரைப் பூக்களைப் பாற்கடலுக்குக் கொண்டுபோய்ப் பெருமாள் திருவடியில் வைக்க ஆசைப்பட்டார். நடுவே கடல். இரண்டு கையாலும் கடல்நீரை இறைத்து வழி உண்டாக்கத் தொடங்கினார். பெருமாள் ஒரு கிழவராக வந்து, பசிக்கிறது, சோறு கொண்டு வா, அதுவரை நான் இறைக்கிறேன் என்றார். முனிவர் சோற்றோடு திரும்பியபோது, பாம்புப் படுக்கை எதுவும் இல்லாமல் வெறுந்தரையில் பெருமாள் படுத்திருந்தார். காலடியில் அந்தத் தாமரைகள். பூதத்தாழ்வார் பிறந்த ஊர் இது. 108 திவ்ய தேசங்களில் பெருமாள் தரையில் கிடக்கும் கோலத்துக்குப் பெயர்பெற்ற தலம். பெருமாள் விளக்கம் எதுவும் சொல்லவில்லை, கடலும் வற்றவில்லை. அவர் படுத்திருந்த இடம்தான் மாறியது. 2004 டிசம்பர் கடைசியில் குப்பத்து மக்கள் பள்ளிக்கூடத் தரையிலும் கல்யாண மண்டபத் தரையிலும் படுத்துக் கிடந்ததை நினைக்கும்போது, இந்தப் புராணம் எனக்கு வேறு விதமாகப் படுகிறது.

அந்த நாளைப் பற்றி. இன்றைய செங்கல்பட்டு மாவட்டம் அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்துக்குள் இருந்தது. நாகப்பட்டினத்தோடு ஒப்பிட்டால் இங்கே சாவு குறைவு. ஆனாலும் நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள். கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் கடல்நீர் இறைக்கும் கூடத்தில் தண்ணீர் புகுந்தது. உலையைப் பத்திரமாக நிறுத்தினார்கள். குடியிருப்பிலும் அக்கம்பக்கத்துக் குப்பங்களிலும் உயிர்கள் போயின. கோவளம், பட்டிபுலம், தேவனேரி, கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் என்று கரையோரக் குப்பங்களில் படகும் வலையும் தெருவில் சிதறிக் கிடந்தன. கடலைத் தாய் என்று கூப்பிட்டுப் பழகியவர்களுக்கு இது சாதாரண இயற்கைப் பேரிடராக இருக்கவில்லை. சோறு போட்டவளே பிள்ளைகளை எடுத்துக்கொண்டாள் என்ற கோபம் கரை முழுக்க இருந்தது. பலர் மாதக்கணக்கில் கடலுக்குப் போகவில்லை. படகு இல்லாதது ஒரு காரணம், பயம் ஒரு காரணம். அவள் முகத்தில் விழிக்கப் பிடிக்காததும் ஒரு காரணம்.

அந்தக் கோபத்தை யாரும் பக்திக் குறைவு என்று சொல்லவில்லை என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆண்டுதோறும் டிசம்பர் 26 அன்று குப்பங்களில் கடலுக்குப் போவதில்லை. கரைக்கு வந்து பால் ஊற்றுகிறார்கள், பூ தூவுகிறார்கள், மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள், வாய்விட்டு அழுகிறார்கள். செத்தவர்களுக்கான சடங்கும் எடுத்துக்கொண்டவளுக்கான படையலும் அங்கே ஒரே சொம்புப் பாலில் நடக்கின்றன. ஆடியில் கங்கையம்மனுக்கும் கன்னியம்மனுக்கும் கூழ் வார்ப்பதும் தொடர்கிறது. பிள்ளைகள் எல்லாரையும் இழந்து, ஏற்கெனவே கருத்தடை செய்துகொண்டிருந்த தாய்மாருக்கு அதை மாற்றும் அறுவைச் சிகிச்சை செய்துகொள்ள அப்போது தமிழக அரசு உதவியது. நாகைப் பக்கம் அப்படித் திரும்பவும் பிள்ளை பெற்றவர்கள் உண்டு. அலை அடித்த அதே ஊரில் இன்னொரு பிள்ளை பெறத் துணிந்த அந்தப் பெண்களின் நம்பிக்கையைப் பற்றி இறையியல் நூல்கள் எதுவும் போதுமானபடி பேசுவதாக எனக்குத் தெரியவில்லை.

மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போனால் இந்த வழக்கை இன்னும் கிட்டத்தில் பார்க்கலாம். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் என்று பல மாவட்டங்களிலிருந்து இருளர் குடும்பங்கள் வந்து கடற்கரைக் கோயிலுக்கு அருகே மணலில் கூடுகின்றன. சேலையும் துணியும் கட்டிய கொட்டகைகள், கல் கூட்டிய அடுப்பு. கோபித்துக்கொண்டு கடலுக்குள் போய்விட்ட கன்னியம்மாவைச் சமாதானம் செய்து கூப்பிட வந்திருக்கிறார்கள். பௌர்ணமி கழிந்த விடியலில் அலை தொடும் இடத்துக்கு அருகே ஈர மணலைக் கையால் குவித்து ஏழு படிகள் செய்கிறார்கள். படிமேல் வெற்றிலை, பூ, தேங்காய், பழம், கற்பூரம். பூசாரி அவர்களில் ஒருவர்தான். சாமி வந்தவரிடம் பெண்கள் நேருக்கு நேராகக் கேட்கிறார்கள்: ஏன் என் பிள்ளைக்கு இப்படி ஆனது, ஏன் எங்களை விட்டுட்டுப் போனே? கேட்கும் குரலில் கெஞ்சலும் உண்டு, அதட்டலும் உண்டு. பிறகு அதே இடத்தில் பிள்ளைக்கு முடி இறக்குகிறார்கள், பெண் பார்த்துப் பேசி முடிக்கிறார்கள், தாலி கட்டுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் அலை வந்து ஏழு படியையும் கரைத்துவிடும். அடுத்த மாசியில் திரும்பவும் குவிப்பார்கள்.

இருளர்களின் துயரம் ஒருநாள் அலையால் வந்ததில்லை. காடு போனது, 1970-களில் பாம்புத் தோல் வியாபாரம் தடைசெய்யப்பட்டபோது பிழைப்பும் போனது. அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் கொத்தடிமைகளாகக் கிடந்த குடும்பங்கள் பல. வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அவர்களின் திறமைக்கு ஒரு வழி திறந்தது. அந்தத் திறமைக்காக வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023-இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். இத்தனைக்கும் நடுவில் அவர்கள் தெய்வம் கோபித்துக்கொண்டு போய்விட்ட தெய்வமாகவே இருக்கிறது. தாங்கள் அனுபவிக்கும் துன்பத்தை, தாங்கள் செய்த பாவத்தின் கணக்காக அவர்கள் எழுதிக்கொள்ளவில்லை. அம்மா வீட்டை விட்டுப் போயிருக்கிறாள், போய்க் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். ஆண்டுதோறும் கேட்கலாம். இதைவிட ஆழமான துயர் இறையியலை நான் படித்ததில்லை.

நம்பிக்கை போய்விட்டவர்களையும் இந்த ஆய்வில் சேர்க்காவிட்டால் அது நேர்மையாகாது. ஆழிப்பேரலைக்குப் பிறகு சாமி படத்தைக் கழற்றி வைத்தவர்கள் உண்டு. பெரியார் வழி வந்தவர்கள் கேட்ட கேள்விகளில் ஞாயம் இருந்தது. நிவாரணத்தோடு மதமாற்றம் செய்கிறார்கள் என்ற குற்றச்சாட்டும் அதற்கு எதிர்ப்பேச்சும் அப்போது எழுந்தன. அந்தச் சச்சரவு எந்தத் தாயின் கண்ணீரையும் துடைக்கவில்லை. 2020, 2021-இல் கொரோனா காலத்தில் கோயிலும் பள்ளிவாசலும் மாதா கோயிலும் பூட்டிக் கிடந்தன, செத்தவர் முகத்தைப் பார்க்கவோ கொள்ளி வைக்கவோ பலருக்கு முடியவில்லை. அப்போது உடைந்த சில மனங்கள் இன்னும் கூடவில்லை. அவர்களைத் திரும்ப அழைத்துவர வேண்டும் என்று அவசரப்படுகிறவர்கள், காரணம் சொல்ல வந்த யோபுவின் நண்பர்கள் வரிசையில்தான் நிற்கிறார்கள். தெய்வத்தோடு பேச்சை நிறுத்திக்கொள்வதும் வழக்கின் ஒரு கட்டம்தான் என்று நான் கருதுகிறேன். சில பேருக்கு அது முடிவாகவும் இருக்கலாம். அதற்கும் அவர்களுக்கு உரிமை உண்டு.

வாசகர்களிடம், குறிப்பாகச் செங்கல்பட்டு மாவட்டத்துக் கல்லூரி மாணவர்களிடமும் ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஆழிப்பேரலையைக் கண்ட தலைமுறை முதுமைக்கு வந்துவிட்டது. திருமணி மருத்துவமனையின் பழைய நாட்களை அறிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும்படி இருப்பார்கள். இருளர் பாட்டிமார் கன்னியம்மாவிடம் கேட்கும் கேள்விகளை எழுதி வைக்க அவர்களுடைய பேரப்பிள்ளைகளே இப்போது படித்து வந்துகொண்டிருக்கிறார்கள். அலையின் உயரத்தையும் செத்தவர் எண்ணிக்கையையும் அரசு எழுதி வைத்திருக்கிறது. அந்த இரவுகளில் என்ன சொல்லிக் கும்பிட்டார்கள், என்ன சொல்லித் திட்டினார்கள், எப்போது திரும்பக் கடலில் கால் வைத்தார்கள் என்பது அவர்கள் வாயில்தான் இருக்கிறது. ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு போங்கள். நீங்கள் எந்த விளக்கமும் சொல்லாமல் அவர்கள் சொல்வதை மட்டும் கேட்டு, அவர்கள் பேச்சிலேயே எழுதி வாருங்கள்.